'உடனடியாக, நிபந்தனையின்றி' என்று எழுதும் முன்: மாதிரி ஐ.நா. அவை நடத்தும் செட்டிநாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் வட்டாரத்துப் பள்ளி கல்லூரிகளில் மாதிரி ஐ.நா. அவை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

அண்டை நாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட படையை எப்படி வெளியேற்றுவது? பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து ஐ.நா. போலவே வாதாடித் தீர்மானம் எழுதும் மாதிரி அவைகளில் எப்போதும் எடுபடுகிற பொருள் இது. பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் கடைசியில் நிறைவேறும் தீர்மானம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான்: 'வன்மையாகக் கண்டிக்கிறது', 'உடனடியாக, நிபந்தனையின்றி விலகுமாறு கோருகிறது'. பிறகு கைதட்டல், குழுப் படம். எத்தனை பேர் போக வேண்டும், எந்தப் பாதையில், எந்தத் தேதிக்குள், எண்ணிப் பார்ப்பது யார், காலியான முகாம் வாசலில் மறுநாள் காலை யார் நிற்பது என்பதற்கெல்லாம் ஒரு வரி இருக்காது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும் ஏஜெண்டு, அடுத்து வந்தவரைப் பெட்டியடியில் உட்காரவைப்பார். பேரேட்டைப் பிரித்துக் காட்டி, வரவேண்டிய கடனைச் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்து, ஐந்தொகை சரிபார்த்த பிறகுதான் கப்பல் ஏறுவார். படை விலகலும் அப்படி ஓர் ஒப்படைப்புத்தான். கூட்டாளி நாடுகள் சேர்ந்து கொடுக்கும் அழுத்தம், அந்த ஒப்படைப்புக்கு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்கிற வேலை. நீங்கள் கண்டனத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள், ஒப்படைப்புக்குப் போடுவதில்லை. அதுதான் எங்கள் குறை.

லெபனானை எடுத்துக்கொள்ளுங்கள். பாடமாக வைக்க இதைவிட நல்ல வழக்கு கிடைக்காது. சிரியப் படை 1976இல் உள்ளே வந்தது. உள்நாட்டுப் போரை முடிக்க வந்த 1989இன் தாயிஃப் ஒப்பந்தம் அதை இரண்டு ஆண்டுகளில் கிழக்கே உள்ள பெக்கா பள்ளத்தாக்குப் பக்கம் நகர்த்தச் சொன்னது; அதற்கு மேல் என்ன செய்வது என்பதை இரு அரசுகளும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. கெடு எழுதாத பத்திரம் எப்படி வசூலாகும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2004இலும் படை அங்கேயேதான் இருந்தது.

2004 செப்டம்பர் 2 அன்று பாதுகாப்பு அவையில் 1559ஆம் தீர்மானம் நிறைவேறியது. கொண்டுவந்தவை அமெரிக்காவும் பிரான்சும். முந்தைய ஆண்டுதான் ஈராக் போரில் முறைத்துக்கொண்ட இரண்டு நாடுகள். ஆதரவு 9, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 6: அல்ஜீரியா, பிரேசில், சீனா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், ரஷ்யா. 15 பேர் அவையில் தீர்மானம் நிறைவேறக் குறைந்தது 9 கை வேண்டும். ஒரு கை குறைந்திருந்தால் அந்தக் காகிதம் அங்கேயே செத்திருக்கும். இப்போது வாசகத்தைப் பாருங்கள். அதில் சிரியா என்ற சொல்லே இல்லை. 'எஞ்சியிருக்கும் எல்லா அந்நியப் படைகளும்' என்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் இதைக் கோழைத்தனம் என்பார்கள். ஒன்பதாவது கைக்குக் கொடுத்த விலை அது. வீட்டோ, அதாவது தனியாகவே தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், உள்ள சீனாவும் ரஷ்யாவும் எதிர்க்காமல் ஒதுங்கி நின்றதற்கும் அதே விலைதான். இதற்கு மறுதலையாக, 2025 பிப்ரவரி 21 அன்று நிறைவேறிய 2773ஆம் தீர்மானம், காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வெளியேறும்படி ருவாண்டா படையைப் பெயர் சொல்லியே கேட்டது. 15 கையும் தூக்கின. பெயர் சொல்லிவிட்டதால் படை மூட்டை கட்டிவிடவில்லை. ஆகவே பெயரைச் சொல்வதா விடுவதா என்பதை வாக்குக் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும். வீரத்துக்கு வேறு இடம் இருக்கிறது.

1559 நிறைவேறிய மறுநாளே லெபனான் நாடாளுமன்றம் சிரியாவுக்கு வேண்டிய அதிபர் லஹூதின் பதவிக்காலத்தை மூன்று ஆண்டு நீட்டித்தது. தீர்மானத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. ஐந்து மாதம் பெரிதாக எதுவும் அசையவில்லை. 2005 பிப்ரவரி 14 அன்று முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரிரி பெய்ரூத்தில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். தெருவில் கூட்டம் திரண்டது. அதே மாதம் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரெஞ்சு அதிபர் சிராக்கும் பிரஸ்ஸல்ஸில் ஒரே குரலில் பேசினார்கள். பிப்ரவரி 28 அன்று லெபனான் பிரதமர் கராமியின் அரசு விலகியது. மார்ச் தொடக்கத்தில் சிரிய அதிபர் அசாத் ரியாத்துக்குப் போனபோது, சவூதிப் பட்டத்து இளவரசர் அப்துல்லா, படையை எடுத்துவிடுங்கள் என்று நேரிலேயே சொன்னார். மார்ச் 5 அன்று அசாத் விலகலை அறிவித்தார்: முதலில் பெக்காவுக்கு, பிறகு எல்லைக்கு. ஏப்ரல் 26 அன்று கடைசிப் படைப்பிரிவும் வெளியேறியது. போனவர்கள் ஏறத்தாழ 14,000 பேர்.

இதில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று கவனியுங்கள். அமெரிக்காவின் கையில் தடைச் சட்டம் இருந்தது. சிரியா மீது 2004 மே மாதமே தடைகள் தொடங்கியிருந்தன. பிரான்சுக்கு லெபனானோடு பழைய உறவு. ஆகவே இதை வெறும் அமெரிக்க விவகாரம் என்று ஒதுக்க முடியாமல் போனது. சவூதி எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் பங்காளி வீட்டுப் பெரியவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற சொல்லுக்குத் தனி எடை உண்டல்லவா, அதை அது சொன்னது. லெபனான் மக்கள் தெருவில் இருந்ததால் 'அழைத்ததால் வந்தோம்' என்ற சிரியாவின் வாதம் அடிபட்டது. உங்கள் அவையில் நான்கு நாடுகளுக்கும் ஒரே வேலைதான் கொடுக்கிறீர்கள்: பேச்சு.

சரிபார்ப்புக்கு வருவோம். அதிகம் சறுக்குகிற இடம் இது. சீருடைக்காரர்களை எண்ணுவது சுலபம். லெபனானில் பயம் கொடுத்தவர்கள் சீருடைக்காரர்களைவிட உளவுத்துறைக்காரர்கள். ஐ.நா. சரிபார்ப்புக் குழு அந்த ஆண்டு மே மாதம் தன் அறிக்கையைக் கொடுத்தது. முகாம்கள் காலி என்றது. உளவாளிகள் விஷயத்தில், மறைந்திருப்பதே அவர்கள் தொழில் என்பதால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டது. தெய்ர் அல் அஷாயிர் என்ற இடத்துக்கு அருகே மட்டும் ஒரு சிரியப் பட்டாலியன் நின்றது. அந்த இடம் யாருடையது என்பதே தகராறு. எல்லைக்கல் நடாத வயலில் யார் வரப்பைத் தாண்டினார்கள் என்று எப்படித் தீர்ப்பது? அதனால்தான் மறு ஆண்டு 1680ஆம் தீர்மானம், எல்லையை வரையறுக்கலாம் என்ற லெபனானின் வேண்டுகோளுக்கு இணங்கும்படி சிரியாவைக் கேட்டது. உங்கள் பிள்ளைகள் எழுதும் தீர்மானத்தில் எல்லை வரைபடம் இணைப்பாக இருக்கிறதா?

வரைபடம் இருந்த வழக்கும் அதே நாட்டிலேயே இருக்கிறது. இஸ்ரேல் தெற்கு லெபனானிலிருந்து வெளியேற வேண்டும் என்ற 425ஆம் தீர்மானம் 1978 மார்ச்சில் வந்தது. படை வெளியேறியது 2000 மே மாதம். 22 ஆண்டு. வெளியேறியதும் ஐ.நா.வின் நில அளவையாளர்கள் போய், சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலக்கோடு என்ற ஒன்றைக் குறித்து, வேலி எங்கெங்கே கோட்டைத் தாண்டுகிறது என்று பார்த்தார்கள். நீலக்கோடு எல்லை அல்ல. படை பின்வாங்கியதா என்று பார்ப்பதற்கான கோடு, அவ்வளவே. பொது முற்றத்தில் பங்குத் தகராறு தீராதபோதும், யார் எதுவரை சாமான் வைக்கலாம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்வதில்லையா? அதுபோல.

1559இல் ஒரு பிழையும் உண்டு. அந்நியப் படை விலகல், ஆயுதக் குழுக்களைக் கலைத்தல், அதிபர் தேர்தல் மூன்றையும் ஒரே காகிதத்தில் கட்டினார்கள். முதலாவது நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை, 2006 ஜூலையில் லெபனான் ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லாவுக்கும் இஸ்ரேலுக்கும் போர் வந்தது. ஒரே மூட்டையில் கட்டினால் கனமான சாமான் இலேசானதை நசுக்கும்.

அடுத்து பர்மா, இன்றைய மியான்மர். பக்கத்து வளவில் நிற்கும் தேக்குத் தூண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு, அந்த நாட்டின் இந்த வழக்கு தெரியாமல் இருப்பது எங்களுக்கு வருத்தம். 1950இல், சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமிண்டாங் கட்சிப் படையின் ஒரு பகுதி யுன்னானிலிருந்து ஷான் மாநிலத்துக்குள் இறங்கியது. தளபதி லீ மி. பின்னாலிருந்து ஆயுதம் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனம். வழி விட்டது தாய்லாந்து. அரசுப் பெயர் தைவானுடையது. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த பர்மா, தனக்கு உதவி செய்யும் நாடே தன் நிலத்தில் இருக்கும் படைக்கும் உதவுகிறது என்று கண்டது. பிரதமர் ஊ நு அரசு 1953 மார்ச்சில் இரண்டு காரியம் செய்தது. அமெரிக்கப் பொருளாதார உதவித் திட்டத்தை முடித்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தது. கூடவே பொதுச் சபைக்குப் புகார் அனுப்பியது. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொன்னால் கொடுக்கிறவருக்குத்தான் சங்கடம். சின்ன நாட்டின் கையிலும் துருப்பு உண்டு என்பதற்கு இதைக் காட்டுங்கள்.

ஏப்ரல் 23 அன்று நிறைவேறிய 707ஆம் தீர்மானம் 'அந்நியப் படைகள்' என்று மட்டும் சொன்னது. தைவான் அரசை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லவில்லை. மே மாதம் பாங்காக்கில் அமெரிக்கா, தாய்லாந்து, பர்மா, தைவான் நான்கும் சேர்ந்த ராணுவக் குழு உட்கார்ந்தது. அந்தப் படை எங்கள் சொல் கேட்காது என்றது தைவான். பர்மா கோபித்து எழுந்து போனது. செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவரே தைவான் தலைவர் சியாங் காய் ஷேக்குக்கு எழுதி நெருக்கினார். அதன் பிறகுதான் விமானம் கிளம்பியது. 1953 நவம்பர் முதல் 1954 மே வரை, தாய்லாந்தின் லாம்பாங் வழியாக, மூன்று கட்டமாகத் தைவானுக்கு ஆள் ஏற்றினார்கள். போனவர்கள் 5,500 பேருக்கு மேல், கூட ஆயிரம் பேர் அளவில் குடும்பத்தார். பர்மாவின் கணக்கில் உள்ளே இருந்தவர்கள் 12,000.

பிசகியது எண்ணிக்கையில். விமானம் ஏறியவர்களில் சிறுவர்களும், உள்ளூர் மலைவாழ் மக்களும் இருந்ததாகப் புகார் எழுந்தது. ஒப்படைத்த துப்பாக்கிகளில் பல துருப்பிடித்தவை. நல்லவை காட்டிலேயே தங்கிவிட்டன. கல்யாண வீட்டில் சாமான் பரப்பியதும் சிட்டையை வைத்துக்கொண்டு குடம் எத்தனை, அடுக்கு எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறோமே, அந்தச் சிட்டை பாங்காக் குழுவிடம் இல்லை. பெயர்ப்பட்டியல் இல்லை, ஆயுத வரிசை எண் இல்லை, 'ஒரு ஆளுக்கு ஒரு துப்பாக்கி' என்ற கட்டாயம்கூட இல்லை. விளைவு என்ன? 1961இல் பர்மாவும் செஞ்சீனாவும் சேர்ந்து தாக்கிய பிறகு, அமெரிக்கா மறுபடி தைவானை நெருக்கி, இன்னும் நாலாயிரம் பேருக்கு மேல் ஏற்ற வேண்டி வந்தது. அப்போதும் போகாதவர்கள் வட தாய்லாந்தில் குடியேறிவிட்டார்கள். கூட்டாளியைக் கூட்டாளியே நெருக்கும் வேலையில் இந்த அரைமனசு எப்போதும் எட்டிப்பார்க்கும். அரைமனசு இல்லாமல் நெருக்கியதற்கு 1956 சூயஸ் இருக்கிறது: கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்சும் எகிப்தில் படை இறக்கியிருந்தன. பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தபோது, படையை எடுக்காமல் சர்வதேச நிதியத்தின் பணத்துக்கு வழி விடமாட்டோம் என்றது அமெரிக்கா. பிரிட்டனும் பிரான்சும் டிசம்பர் 22க்குள் எகிப்தை விட்டுப் போயின.

கால அட்டவணைக்கு அங்கோலாவைப் பாருங்கள். 1988 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் கையெழுத்து. அங்கோலா அரசுக்குத் துணையாக இருந்த 50,000 கியூபப் படையினர் வெளியேற 27 மாதம். 1989 ஏப்ரல் 1க்குள் முதல் 3,000 பேர். ஆகஸ்ட் 1க்குள் எஞ்சியவர்கள் 15ஆவது அட்சக்கோட்டுக்கு வடக்கே. அக்டோபர் 31க்குள் 13ஆவதுக்கு வடக்கே. நவம்பர் 1க்குள் பாதிப்பேர், அதாவது 25,000 பேர், நாட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். 1991 ஜூலை 1 கடைசிக் கெடு. கவனியுங்கள், இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள்: எத்தனை தலை, எந்தக் கோடு. தலையை மட்டும் எண்ணினால் போர்முனையில் இருப்பவர்களைக் கடைசிவரை வைத்துக்கொண்டு சமையல்காரரை முதலில் அனுப்பலாம். கோட்டை மட்டும் பார்த்தால் அத்தனை பேரும் வடக்கே போய்க் கூடாரம் போட்டுவிடலாம். எண்ணுவதற்குப் போன ஐ.நா. ராணுவப் பார்வையாளர்கள் வெறும் 70 பேர். அவர்கள் நிற்க வேண்டியிருந்தது துறைமுகத்திலும் விமான நிலையத்திலும்தான். 1990 ஜனவரியில் யுனிட்டா என்ற அங்கோலா கிளர்ச்சிக் குழுவின் தாக்குதலில் நான்கு கியூபர்கள் இறந்ததும் விலகல் ஒரு மாதம் நின்றது. பிறகும் 1991 மே 25 அன்றே, கெடுவுக்கு முன்பாகவே, முடிந்துவிட்டது. எதிர்ப்பக்கத்துக் கணக்கும் அதில் சேர்ந்திருந்ததுதான் காரணம்: தென்னாப்பிரிக்கா நமீபியாவை விட்டுக்கொடுத்தது, நமீபியா 1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்றது. 'நிபந்தனையின்றி' என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

போகிறவருக்கு வீடு எங்கே என்ற கேள்வி உங்கள் அவையில் எழுவதே இல்லை. கிழக்கு ஜெர்மனியிலிருந்து சோவியத் படையை எடுக்க 1990இல் ஜெர்மனி ஒப்புக்கொண்ட தொகை 1,200 கோடி மார்க்; அதில் பாதிக்கு மேல் திரும்பிப் போகும் அதிகாரிகளுக்கு வீடு கட்ட. 300 கோடி மார்க் வட்டியில்லாக் கடன் தனி. 1994 ஆகஸ்ட் 31 அன்று கடைசிப் படை போனது. அதே நாளில் லாத்வியா, எஸ்தோனியாவிலிருந்தும் ரஷ்யப் படை வெளியேறியது. அங்கேயும் வீட்டுக்கு அமெரிக்கப் பணம் போனது. எதிரிக்கு வீடு கட்டிக்கொடுப்பதா என்று யாராவது பிள்ளை எழுந்து கேட்டால், அந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து உட்காரவைத்து, ஊரில் குடியிருக்க இடம் இல்லாத ஆள் முகாமை எப்படிக் காலி செய்வான் என்று திருப்பிக் கேளுங்கள்.

மொழி பற்றி ஒரு சிறு சங்கதி. இஸ்ரேல் படை விலகல் பற்றிய 1967இன் 242ஆம் தீர்மானம், ஆங்கிலத்தில் 'the' என்ற சுட்டு இடைச்சொல் இல்லாமல் 'கைப்பற்றிய பகுதிகளிலிருந்து' என்றும், பிரெஞ்சில் சுட்டோடு 'அந்தப் பகுதிகளிலிருந்து' என்று படிக்கும்படியும் அமைந்தது. எல்லாப் பகுதியுமா, சிலவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தமிழில் அந்த இடைச்சொல்லே கிடையாது. ஆகவே தமிழில் வரைவு எழுதும் அவைகளில் 'எல்லா', 'சில', 'இணைப்பு வரைபடத்தில் நிறமிட்ட' என்று கட்டாயம் எழுதவைக்க வேண்டும். கெடுவையும் அப்படித்தான். 'கூடிய விரைவில்' என்பது தேதி அல்ல. 1942இன் முத்தரப்பு உடன்பாடு, போர் முடிந்து ஆறு மாதத்துக்குள் ஈரானிலிருந்து படைகள் வெளியேற வேண்டும் என்றது. 1945 செப்டம்பர் 2 போர் முடிந்த நாள் என்பதால் 1946 மார்ச் 2 என்று யாரும் விரல்விட்டு எண்ணிவிடலாம். மார்ச் 3 அன்று சோவியத் படை தவணை தவறியது எல்லாருக்கும் தெரிந்தது. பாதுகாப்பு அவையில் அதை மறைக்க முடியவில்லை. மே மாதம் படை போனது.

பெரும்பாலான அவைகள் சுற்றிக்கொண்டு போகும் ஓர் இடம் பாக்கி: இந்தியாவே வெளியேறும் பக்கத்தில் நின்ற வழக்குகள். வங்கதேசத்தில், 1972 மார்ச் 12 அன்று டாக்காவில் பிரிவு அணிவகுப்பு நடத்திப் படை திரும்பியது. போர் முடிந்து மூன்று மாதத்துக்குள். இலங்கையில் அப்படியில்லை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் இணைப்பில், இலங்கைக் குடியரசுத் தலைவர் அழைத்தால் இந்திய அமைதிப் படை வரும் என்று இருந்தது. எப்போது போகும் என்று இல்லை. 1989 ஜூன் 1 அன்று இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசா, ஜூலை 29க்குள் போய்விடுங்கள் என்றார். ஒப்பந்தத்தின் மற்றச் சரத்துகள் நிறைவேறாமல் முடியாது என்றது டெல்லி. செப்டம்பரில் ஒரு தேதி பேசி, அதுவும் தள்ளி, 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியது. உயிர்விட்ட இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கு மேல். படை விட்டுப்போன இடத்தை யார் எடுத்துக்கொள்வது என்பது எழுதப்படவில்லை. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மாலத்தீவில் 2024 மே 10க்குள் சீருடைக்காரர்கள் போய், அதே ஹெலிகாப்டர்களையும் டோர்னியர் விமானத்தையும் இயக்க இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். இயந்திரத்தை வைத்துக்கொண்டு சீருடையை மாற்றும் இந்த வழி, இரு தரப்பும் முகம் இழக்காமல் முடிக்க உதவியது. இந்திய மாணவர்கள் இந்தியாவின் எதிர்ப்பக்கத்திலும் உட்கார்ந்து வாதாடட்டும். அதில் தேசத்துரோகம் எதுவும் இல்லை.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் மூடிய உறையில் ஒரு தாள் கொடுங்கள்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை முடியாது, யாரிடம் பாக்கி இருக்கிறது, எந்தக் கூட்டாளியிடம் தனியாகப் பேச வேண்டும். மேடைப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் போதும். மிச்சப் பொழுதைத் தாழ்வாரத்துக்கு விடுங்கள். வரைபடமும் கால அட்டவணையும் இணைக்காத வரைவை நடுவர் வாங்கவே கூடாது. நிறைவேறிய பிறகு, ஆறு மாதம் கழிந்ததாக வைத்து ஒரு விபத்துச் சீட்டைப் படியுங்கள்: ரோந்து மீது தாக்குதல், நான்கு பேர் சாவு, விலகல் நிறுத்தம். தங்கள் தீர்மானத்தின் எந்தச் சரத்து இப்போது கைகொடுக்கும் என்று பத்து நிமிடத்தில் பிள்ளைகள் காட்ட வேண்டும். நூறு மதிப்பெண்ணில் நாற்பது அதற்கு.

அட்டவணையின் தலைப்புக் கட்டங்களை இப்படி வைக்கலாம்: முகாமின் பெயர், இப்போதுள்ள ஆள் எண்ணிக்கை, கனரக ஆயுதம், வெளியேறும் பாதை, கெடு தேதி, எண்ணுபவர், சாவி வாங்குபவர், செலவு யாருடையது. எட்டாவது கட்டத்தைத்தான் பிள்ளைகள் முதலில் காலியாக விடுவார்கள். அதை நிரப்பாமல் கையெழுத்துக்கு அனுமதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
சர்வதேச உறவுகளும் ஐ.நா. ஆவணங்களும் படித்துவரும் சிலர்,
காரைக்குடி